சோர்ஸ் கோட் அப்டேட்: கிளை பேரை மறந்தா என்ன ஆகும்?

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

சிதம்பரம் அண்ணாமலை நகர்ல என் நண்பன் ஒரு ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கான். ஏப்ரல் மாசம், ஃபைனல் இயர் பசங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வரிசையில நிக்கிற நேரம். அவங்க கொடுத்த ஃபைல் எல்லாம் கடையோட பழைய பிசியில, ஃப்ரீபிஎஸ்டி சர்வர்ல இருக்கு. அந்த சர்வரை ஒரு சாயங்காலம் முழுக்க நான் படுக்க வெச்சுட்டேன். காரணம், கமாண்ட்ல நான் எழுதாம விட்ட ஒரே ஒரு சொல்.

அதனால இன்னைக்கு டாபிக்: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட சோர்ஸ் கோடை அப்டேட்டா வெச்சிருக்கிற டூலை எப்படி சரியா கான்ஃபிகர் பண்றது?

எதுக்கு சோர்ஸ்?

நிறைய பேருக்கு இது தேவையே இல்லை. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் என்ற கமாண்ட், ரெடியா கம்பைல் பண்ணின பேட்ச்களை இறக்கிப் போட்டுடும். ஆனா நண்பன் ஒரு பழைய நெட்வொர்க் கார்டுக்காக கர்னலை மாத்தி வெச்சிருந்தான். நாமே பில்ட் பண்ணின கர்னலுக்கு அந்த வழியில பேட்ச் வராது. சோர்ஸை இறக்கி, திரும்ப பில்ட் பண்ணணும். சோர்ஸ் பழசா இருந்தா, நீங்க புதுசா பில்ட் பண்ற கர்னல்லயும் பழைய பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

டூல் மாறுது, கேள்வி மாறலை

1990-களில் இதுக்கு சிவிஎஸ்அப் என்று ஒரு டூல் இருந்தது. ஜான் போல்ஸ்ட்ரா மாடுலா-3 மொழியில் எழுதினது. டயல்-அப் காலம், அதனால மாறின பகுதியை மட்டும் இறக்கும். அதுக்கு 'சப்ஃபைல்' என்று சில வரியில ஒரு கான்ஃபிக் ஃபைல் எழுதணும். 2008-ல் ஃப்ரீபிஎஸ்டி சோர்ஸ் சப்வெர்ஷனுக்கு மாறியது, 2020 டிசம்பரில் கிட்டுக்கு வந்தது. எந்த டூலா இருந்தாலும் நாம பதில் சொல்ல வேண்டிய கேள்வி மூணுதான்: எந்தக் கிளை? எங்கிருந்து? எந்த ஃபோல்டரில்?

எந்தக் கிளை?

மூணு வகை இருக்கு. 'மெயின்' என்பது கரன்ட், அதாவது டெவலப்பர்கள் தினமும் மாத்திக்கிட்டே இருக்கிற கோட். 'ஸ்டேபிள் ஸ்லாஷ் 14' என்பது 14-ம் வரிசையின் அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகிற கிளை. 'ரெலெங் ஸ்லாஷ் 14.3' என்பது வெளியான பதிப்பு. பாதுகாப்புத் திருத்தமும் முக்கியமான பிழைத்திருத்தமும் மட்டும்தான் அதில் சேரும்.

சாம்பார் கணக்குல சொன்னா, மெயின் அடுப்புல கொதிக்குது, ஸ்டேபிள் இறக்கி வெச்சாச்சு, ரெலெங் டிபன் பாக்ஸ்ல கட்டியாச்சு. கடைக்கு எடுத்துட்டுப் போக வேண்டியது டிபன் பாக்ஸ்தானே?

நான் என்ன பண்ணேன்? கடையில மொபைல் ஹாட்ஸ்பாட். டேட்டா மிச்சம் பண்ண கிட் க்ளோன்ல 'டெப்த் 1' போட்டேன், அது சரிதான். ஆனா 'மைனஸ் பி' போட்டு கிளை பேரைக் கொடுக்க மறந்துட்டேன். பேர் சொல்லலைன்னா மெயின்தான் வரும். சப்ஃபைல் காலத்துலயும் இதே பொறி உண்டு, டேக் இருக்கிற இடத்துல வெறும் புள்ளி வெச்சா கரன்ட் வந்துடும்.

பில்ட் ஆச்சு, பூட்டும் ஆச்சு. ஆனா மெஷின் ஆமை மாதிரி நகர்ந்தது. மெயின் கிளையோட கர்னல்ல டெவலப்பர்களுக்காக விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் மாதிரி சோதனைகள் ஆன் ஆகி இருக்கும். ஒவ்வொரு லாக்கையும் அது சரிபார்த்துக்கிட்டே இருக்கும். பழைய பிசி தாங்குமா? பசங்க பென் டிரைவோட வேற கடை தேடிப் போயிட்டாங்க.

நல்லவேளை, புது கர்னலை இன்ஸ்டால் பண்ணும்போது பழையது 'கர்னல் டாட் ஓல்ட்' என்ற பேர்ல பத்திரமா இருக்கும். பூட் மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்து ஏத்தினதும் மூச்சு வந்தது. இது ஒண்ணை மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க.

எங்கிருந்து?

2012 தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி, நவம்பர் 11 அன்று, ஃப்ரீபிஎஸ்டி திட்டத்தின் ரெண்டு மெஷின்களில் யாரோ ஊடுருவியது தெரிய வந்தது. ஒரு டெவலப்பரின் எஸ்எஸ்எச் சாவி கசிந்ததுதான் காரணம் என்று திட்டத்தினர் அறிவித்தார்கள். அடிப்படை சிஸ்டத்தின் கோடில் கை வைக்கப்படவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி எழுந்தது: நான் இறக்கினது அசல்தானா? சிவிஎஸ்அப்பில் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. கிட்டில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிடும். அதனால அதிகாரபூர்வ முகவரியை மட்டும், எச்டிடிபிஎஸ் வழியா கொடுங்க. தெரியாத மிரர் வேண்டாம்.

ரெண்டாவது தடவை நான் ஹாட்ஸ்பாட்டை நம்பலை. கிட் க்ளோன் பாதியில அறுந்தா முதல்ல இருந்துதான் தொடங்கும். கடலூர்ல என் வீட்டு ஃபைபர்ல ரெலெங் கிளையை இறக்கி, 'கிட் பண்டில்' மூலமா ஒரே ஃபைலா கட்டி, பென் டிரைவ்ல போட்டுக்கிட்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி நாற்பத்தஞ்சு கிலோமீட்டர் பிராட்பேண்ட்!

அங்க போய் பண்டில்ல இருந்து க்ளோன் பண்ணதும், 'ரிமோட் செட்-யூஆர்எல்' போட்டு முகவரியை அதிகாரபூர்வ சர்வருக்கு மாத்தணும். இல்லைன்னா அடுத்த அப்டேட்டுக்கு அது பென் டிரைவைத்தான் தேடும். மாத்தின பிறகு, புதுசா வந்த மாற்றங்கள் மட்டும்தான் ஹாட்ஸ்பாட்ல இறங்கும்.

எந்த ஃபோல்டரில்?

வழக்கமான இடம் யூஎஸ்ஆர் ஸ்லாஷ் எஸ்ஆர்சி. அதைக் காலி பண்ணிட்டு க்ளோன் பண்ணுங்க. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட்டோட கான்ஃபிக் ஃபைல்ல 'காம்பொனென்ட்ஸ்' வரியில எஸ்ஆர்சி இருந்தா எடுத்துடுங்க. இல்லைன்னா ரெண்டு டூலும் ஒரே ஃபோல்டர்ல கை வைக்கும், கிட் குழம்பிடும்.

எவ்வளவு ஆட்டோமேட் பண்ணலாம்?

கிரான்ல ராத்திரி 'கிட் ஃபெட்ச்' ஓடட்டும், அது கோடை இறக்கி மட்டும் வைக்கும். ஃபோல்டர்ல சேர்க்கிறதையும் பில்ட் பண்றதையும் கையாலேயே பண்ணுங்க. 'மைனஸ் மைனஸ் எஃப்எஃப்-ஒன்லி' போட்டு புல் பண்ணா, தெரியாம ஒரு மெர்ஜ் நடக்காது. பில்டுக்கு முன்னாடி சோர்ஸ் ஃபோல்டர்ல 'அப்டேட்டிங்' என்ற ஃபைலைப் படிச்சிடுங்க, எது உடையும், எதை முதல்ல செய்யணும்னு அதுல எழுதியிருப்பாங்க.

இப்போ நண்பன் கடையில சர்வர் ஒழுங்கா ஓடுது. "மச்சான், அப்டேட் எல்லாம் ஜூன்ல வெச்சுக்கலாம்"னு மட்டும் கறாரா சொல்லிட்டான். நியாயம்தான்.

உங்க மெஷின்ல சோர்ஸ் இருந்தா, இன்னைக்கே அந்த ஃபோல்டருக்குப் போய் 'கிட் பிராஞ்ச்'னு அடிச்சுப் பாருங்க. நீங்க நினைச்ச கிளைதானா? அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.