அதிபர் ஆணைக்கு அடங்காத எழுத்துகள்

ஆங்கிலத்தில் ஓ, யு, ஜி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் சேர்ந்து வந்தால் அதை எப்படி வாசிப்பது என்பதற்கு நம்பகமான விதி கிடையாது. ஒரு சொல்லில் ‘தோ’, அடுத்ததில் ‘த்ரூ’, பிறகு ‘டஃப்’, ‘காஃப்’, ‘பவ்’ என்று ஒலி மாறிக்கொண்டே போகும். 1476இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காலத்தில் இந்த ஜி-எச் அடித்தொண்டை ஒலியாகப் பலர் வாயில் இருந்தது. பின்னர் பேச்சு மாறியது. அச்சில் ஏறிய எழுத்து மாறவில்லை. கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்ற சொல்லின் நடுவே நிற்கும் ‘பி’யின் கதை வேறு. லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகப் படித்தவர்கள் செருகிய எழுத்து அது. பள்ளிப் பிள்ளைகள் இன்றுவரை அதை மனப்பாடம் செய்கிறார்கள்.

இதைச் சீர்செய்ய முனைந்தவர்களில் அமெரிக்க அகராதியாளர் நோவா வெப்ஸ்டர் ஓரளவு வென்றார். ‘கலர்’, ‘ஹானர்’ போன்ற சொற்களில் அவர் நீக்கிய ‘யு’ அமெரிக்காவில் திரும்பி வரவே இல்லை. ஆனால் நாக்கைக் குறிக்கும் ஆறெழுத்துச் சொல்லை ‘டி-யு-என்-ஜி’ என நான்கெழுத்தில் எழுதலாம் என்ற அவருடைய யோசனை எடுபடவில்லை.

பெரிய முயற்சி 1906இல் நடந்தது. தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எளிய எழுத்துக்கூட்டல் வாரியம் அமைந்து, 300 சொற்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் இருந்த நூலக வல்லுநர் மெல்வில் டூயி, தம் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளை முன்பே வெட்டியவர். குடும்பப் பெயரையும் சிலகாலம் ‘டி-யு-ஐ’ என்றே எழுதினார். அத்தகைய பற்று எல்லோருக்கும் வருமா? அந்த ஆகஸ்டில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், அரசு அச்சகம் இந்தப் பட்டியலைப் பின்பற்ற வேண்டும் என ஆணையிட்டார். பட்டியலில் பல சொற்கள் ஏற்கெனவே அமெரிக்க வழக்கில் இருந்தவைதான். ஆனாலும் அட்லாண்டிக்கின் இரு கரையிலும் பத்திரிகைகள் சிரித்தன. அதிபரின் பெயரையே கண்டபடி எழுத்துக்கூட்டி அச்சிட்டன. உச்ச நீதிமன்றம் பழைய முறையை விடவில்லை. டிசம்பரில் பிரதிநிதிகள் சபை 142க்கு 24 என்ற வாக்கில் எதிர்க்க, ரூஸ்வெல்ட் ஆணையைத் திரும்பப் பெற்றார்.

ஆங்கிலத்துக்கு இத்தகைய மாற்றத்தை விதிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு எதுவும் இல்லை. ஒலிப்படி எழுதுவதென்றால் லண்டன் ஒலிப்பா, டெக்சாஸ் ஒலிப்பா என்ற கேள்விக்கும் விடையில்லை. ஆணையைவிட அகராதியே அதிகம் சாதித்தது என்பதுதான் வரலாறு. 1934இல் ‘சிகாகோ ட்ரிப்யூன்’ நாளிதழ் எளிய எழுத்துக்கூட்டலைக் கையில் எடுத்தது. ‘த்ரூ’வை ஏழெழுத்துக்குப் பதில் நான்கெழுத்தில் அச்சிட்டுவந்த அந்தப் பத்திரிகையும் 1975இல் பழைய வழக்குக்கே திரும்பியது.