'ஒன்' என்பதா, 'வித்' என்பதா?

பிழையொன்று செய்துவிட்ட மாணவன் ஒருவன் எமக்கு ஆங்கிலத்திலே மன்னிப்புக் கடிதம் எழுதினான். 'என்மீது கோபங் கொள்ளாதீர்கள்' என்ற கருத்தில், 'டோன்ற் பீ அங்கிரி ஒன் மீ' என்றிருந்தது. எமது கோபம் தணிந்தது. ஆயினும், சிவப்பு மை தணியவில்லை. 'ஒன்' என்பதை வெட்டி, 'வித்' என்று திருத்தினோம். ஆளொருவரைச் சுட்டும்போது அதுவே நன்மரபு.

மாணவனை நாம் அறிவிலி என்று கூறோம். அவன் தமிழில் நினைத்தான், ஆங்கிலத்தில் எழுதினான். தமிழில் உருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் இடைச்சொல் பெயரின் முன்னே தனித்து நிற்கும். இடம் மட்டுமன்று, கணக்கும் வேறு. 'பஸ்ஸில்', 'காரில்' என நமக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்திலோ பஸ்ஸுக்கு 'ஒன்', காருக்கு 'இன்'. 'திங்கட்கிழமையில்' என்பதற்கு 'ஒன்'. 'தை மாதத்தில்' என்பதற்கு 'இன்'. மணியைக் கூறுமிடத்து 'அற்'.

சிலவிடங்களில் எதுவுமே வேண்டியதில்லை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதிலுள்ள 'பற்றி'யை மறவாது, 'டிஸ்கஸ்' என்பதன் பின் 'எபவுட்' சேர்ப்போர் பலர். பரீட்சையில் புள்ளி குறைவதும் இத்தகைய சிறு சொற்களாலேயே.

இதற்கு வழி யாது? சொல்லைத் தனியே மனனஞ் செய்யற்க. 'அங்கிரி வித்', 'குட் அற்', 'டிபென்ட் ஒன்' எனத் தொடராகவே குறிப்பேட்டில் எழுதி, வாய்விட்டுப் படித்தல் வேண்டும். பெற்றோரும் இரவில் ஐந்து தொடர்களைக் கேட்டுப் பார்க்கலாம். தமிழில் நினைப்பது குற்றமன்று. இரு மொழிகளின் வேறுபாட்டை அறியாதிருப்பதே குறை.