உஷார்! ராத்திரிப் பரிசலுக்கு ஆள் கூப்பிடுகிறார்களா?

மேட்டூர் அணையை ஒட்டிய கொளத்தூர், கோவிந்தபாடி, பண்ணவாடி பக்கத்துத் தம்பிகளே, முதலில் உங்களுக்குத்தான். "ஒரு நடை வந்துட்டுப் போ மாப்ள, விடியறதுக்குள்ள கையில காசு" என்று யாராவது பரிசலுக்குக் கூப்பிட்டால், வலை எங்கே என்று கேளுங்கள். வலை இல்லாமல் டார்ச் லைட்டும் கோணிப்பையும் மட்டும் ஏறியிருந்தால், அது மீனுக்குப் போகிற பரிசல் இல்லை, வேட்டைக்குப் போகிறது. துடுப்புப் போட மட்டும்தானே போகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். பிடிபட்டால் வழக்கில் துடுப்புக்காரன் பெயரும் துப்பாக்கிக்காரன் பெயரும் ஒரே வரிசையில்தான் வரும்.

2023 பிப்ரவரியில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? அந்த மாதம் 14-ம் தேதி இரவு, பரிசலில் கர்நாடக எல்லையில் இருக்கிற பாலாற்றுப் பக்கம் போனவர்கள் மீது கர்நாடக வனத்துறையினர் சுட்டார்கள். கூடப் போனவர்கள் தப்பிவிட்டார்கள். கோவிந்தபாடிக்காரர் ஒருவர் மட்டும் வீடு திரும்பவில்லை. சில நாளில் அடிப்பாலாற்றுத் தண்ணீரில் உடல் மிதந்தது. மான் வேட்டையாட வந்தார்கள் என்றது கர்நாடக வனத்துறை. மீன் பிடிக்கத்தான் போனார் என்றது குடும்பம். எல்லையில் பஸ் நின்றது, போலீஸ் குவிந்தது. 2014-லும் இதே பாலாற்றில் இப்படி ஒரு சாவு விழுந்து, ஊரே கொதித்தது. மீனா, மானா என்பதைக் கோர்ட்டு விசாரிக்கட்டும். இருட்டில் வருகிற குண்டு அந்த விசாரணைக்காகக் காத்திருப்பதில்லை. தப்பே செய்திருந்தாலும் அதற்குத் தண்டனை ஜெயில்தான், சாவு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீரில் கோடு போட்டு வைக்க முடியாது. மேட்டூர் அணை 120 அடி நிரம்பினால் 93.47 டி.எம்.சி. தண்ணீர், ஏறக்குறைய 60 சதுர மைலுக்குப் பரவி நிற்கும். கோடையில் நீங்கள் அடையாளம் வைத்திருந்த பாறை அப்போது தண்ணீருக்கடியில் போய்விடும். 2025-ல் ஜூன் 29-ம் தேதியே அணை நிரம்பிவிட்டது. அந்த மாதிரி வருஷத்தில் பாலாற்று முகத்துவாரத்துக்குள்ளும் தண்ணீர் ஏறும். நாலு துடுப்பு கூடப் போட்டால் நீங்கள் அடுத்த மாநிலத்தின் காட்டில் இருப்பீர்கள். அந்தப் பக்கம்தான் கெடுபிடி, நம் பக்கம் பரவாயில்லை என்ற நினைப்பும் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரை 2022 நவம்பரிலேயே காவேரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். சரணாலயத்துக்குள் வேட்டை என்றால் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஏழு வருஷம் ஜெயில்.

இனி முதலை. ஒகேனக்கல்லிலிருந்து அணை வரைக்கும் காவிரியில் முதலை உண்டு, இது புரளி இல்லை. நம்மூர் முதலைக்குப் பிரதான தீனி மீன். ஆளைத் தேடி அது வருவது அரிது. நீங்கள் விரித்த வலையில் துடிக்கிற கட்லாவைத் தேடி வருகிறது. பரிசலின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான். குனிந்து, முழங்கை நனைய வலையை இழுக்கிற நேரம்தான் ஆபத்து. இழுப்பதற்கு முன்னால் டார்ச்சைத் தண்ணீர்மட்டத்தோடு சுற்றி அடித்துப் பாருங்கள். இரண்டு கண்கள் கங்கு மாதிரிச் சிவந்து தெரிந்தால், வலை போனால் போகிறது, அறுத்துவிட்டு வாருங்கள். மாசி, பங்குனி, சித்திரையில் மணல் திட்டில் இறங்கிச் சோறு பொங்கவே கூடாது. முட்டையிட்டுக் காவல் இருக்கிற தாய் முதலை துரத்தும். நீர்நாய் வலையைக் கிழிக்கிறது என்ற கோபம் நியாயமானது. அதற்காக விஷம் கலந்த மீனைப் போட்டால், அது முதலைக்கும் போகும், நாயும் தின்னும், கடைசியில் சந்தைக்கும் வந்து சேரும். முதலையும் நீர்நாயும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. அந்த வழக்கில் ஜாமீனுக்கே நாக்குத் தள்ளும்.

மீனுக்கு வெடித் தோட்டா போடுகிறவர்கள் இன்னும் மோசம். திரி எரிகிற கணக்கு ஒரு நொடி தப்பினால் விரல் போகும், கை போகும், பரிசலே போகும். செத்த மீனில் பாதி அடியிலேயே அமிழ்ந்து அழுகும். வெடி போட்டு மீன் பிடிப்பது 1897-ம் வருஷத்து மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். வெடிமருந்து வழக்கு அதற்கு மேல் தனி. பக்கத்தில் யாராவது தோட்டா போட்டால், மிதக்கிற மீனை அள்ள ஓடாதீர்கள். இரண்டாவது தோட்டா வெடிக்காமல் கிடக்கலாம்.

அணைக்குக் கீழே கதை வேறு. பூலாம்பட்டியில் படகேறி நெரிஞ்சிப்பேட்டைக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முதலையை விட, லைப் ஜாக்கெட்டைத் தலையணையாகப் போட்டுக்கொள்கிற பழக்கம்தான் எமன். ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் பக்கம் மணல் அள்ளிய குழிகள் இருக்கின்றன. முழங்கால் தண்ணீர் என்று இறங்கினால் அடுத்த எட்டில் ஆள் மட்டம். ராத்திரியில் மணல் அள்ளுவதைக் கண்டால், வண்டியை நிறுத்திச் செல்போனில் படம் பிடிக்கிற வீரம் வேண்டாம். தள்ளி வந்து 100-க்குச் சொல்லுங்கள்.

"அண்ணா, காட்டுக்கறி வந்திருக்கு" என்று வீட்டு வாசலுக்கே வருகிறவர்களிடம் வாங்குகிறவர்களும் கவனிக்கவும். மானைச் சுட்டவன் மட்டுமில்லை, கறியை வாங்கிக் குழம்பு வைத்தவனும் குற்றவாளிதான். இந்த வியாபாரத்துக்கு வீரப்பன் பெயரைச் சொல்லி ஒரு பெருமையும் பூசுகிறார்கள். 1993 ஏப்ரலில் இதே பாலாற்றுப் பாதையில் அந்த வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்ததைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

அமாவாசைக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிற சேலம், நாமக்கல் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. கொளத்தூர் தாண்டிப் பாலாறு வந்ததும் வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். அங்கே கரையில் கிடக்கிற பரிசலில் ஏறி செல்பி எடுப்பதும் வேண்டாம். அது யாருடையது, நேற்று ராத்திரி எங்கே போய்வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.