மூன்று கடையில் விலை கேட்பதுபோல

கண்டிச் சுற்றுவட்டாரத்தில் மிளகும் கறாம்பும் விளைவிப்பவர்கள் முதல் கடையிலேயே மூட்டையை இறக்குவதில்லை. மூன்று கடை ஏறி விலை கேட்பார்கள். ஒருவர் குறைத்துச் சொன்னால், அடுத்தவர் சொல்லும் விலையில் அது தெரிந்துவிடும். பங்கு வாங்கும்போதும் இந்தப் பழக்கம் நமக்கு வேண்டும்.

கொழும்புப் பங்குச் சந்தைக்குக் கண்டியிலும் கிளை உண்டு. வாவிக்கரையில் நிற்கும் குயின்ஸ் ஹோட்டலின் உரிமைக் கம்பனியும் அந்தச் சந்தையில் பட்டியலிடப்பட்டதுதான். சேமிப்பைப் பங்கில் போடுகிறவர்களில் பலர் நம்புவது, தரகு நிறுவன ஆய்வாளர்கள் எழுதும் இலாப மதிப்பீடுகளை. பெரிய வங்கிகளைப் பற்றிப் பலர் எழுதுவார்கள். சிறிய கம்பனிக்கு ஒருவர் கிடைப்பதே அரிது.

அந்த எண்ணிக்கை மதிப்பீட்டின் தரத்தையே மாற்றும். ஹாரிசன் ஹாங், மார்சின் காக்பெர்சிக் என்ற பொருளியலாளர்கள் அமெரிக்கத் தரகு நிறுவனங்களின் இணைப்புகளை ஆராய்ந்து 2010இல் இதைக் காட்டினார்கள். இரு நிறுவனங்கள் இணைந்தால், ஒரே கம்பனியைக் கவனித்த இரு ஆய்வாளர்களில் ஒருவர் மிகையாகிவிடுவார். அப்படி ஒரு குரல் குறைந்த கம்பனிகளுக்கு வந்த இலாப மதிப்பீடுகள் முன்னைவிட மிகைப்பட்டன. முன்பே ஆய்வாளர் குறைவாக இருந்த இடத்தில் இந்தச் சாய்வு இன்னும் கூடியது. தகவலுக்கும் வியாபாரத்துக்கும் கம்பனியின் தயவு ஆய்வாளருக்கு வேண்டியிருக்கிறது. ஒருவரை வளைக்கலாம், பத்துப் பேரை வளைப்பது கடினம்.

ஆனாலும் தலைகளை எண்ணினால் மட்டும் போதாது. ஹாங், கூபிக், சாலமன் மூவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வின்படி, தனித்த கணிப்புச் சொல்லித் தவறும் புதிய ஆய்வாளருக்கு வேலை போகும் ஆபத்து அதிகம். அதனால் அவர் மற்றவர்களின் எண்ணையே ஒட்டி எழுதுகிறார். கம்பனி கடனைத் திருப்பிக் கொடுக்குமா என்று மதிப்பிடும் கடன் தரமிடலில் நிலைமை இன்னும் மோசம். ஃபிட்ச் என்ற தரமிடல் நிறுவனம் வளர்ந்தபோது அதன் போட்டியாளர்களான மூடிஸ், எஸ் அண்ட் பி இரண்டும் தரக்குறிகளில் தாராளம் காட்டின என்று பெக்கர், மில்போர்ன் என்ற பொருளியலாளர்கள் 2011இல் எழுதினார்கள். அங்கே கட்டணம் கொடுப்பவர் தரமிடப்படும் கம்பனியே. போட்டி அவரைத் திருப்திப்படுத்தும் போட்டியாகிப்போனது.

ஆகவே அறிக்கையைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குப் பணம் கொடுத்தது யார்? வேறு யார் எழுதியிருக்கிறார்கள்? இவர் போன வருடம் சொன்னது பலித்ததா? பதில் கிடைக்காவிட்டால் மூட்டையை இறக்காதீர்கள். அதில் இருப்பது உங்கள் உழைப்பு.