தொடக்கப் பள்ளியில் வீட்டுப்பாடமும் மதிப்பெண்ணும்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள், பள்ளி முடிந்த பிறகு வீட்டில் செய்து வருவதற்காக ஆசிரியர் தரும் பயிற்சி வீட்டுப்பாடம் எனப்படுகிறது. மாணவர் எந்த அளவுக்குக் கற்றிருக்கிறார் என்பதை எண்ணால் குறிப்பது மதிப்பெண். எழுத்தால் குறிப்பது தரநிலை. கற்றதைப் பழகுவதற்காக வீட்டுப்பாடமும், கற்றதை அளப்பதற்காக மதிப்பெண்ணும் ஏற்பட்டன. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும்போது, குழந்தையின் கற்றலோடு அதன் வீட்டு வசதியும் சேர்த்து அளக்கப்படுகிறது. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டுப்பாடத்தின் அளவு

சிறு குழந்தைகளுக்கு எவ்வளவு வீட்டுப்பாடம் தரலாம் என்பது நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993-இல் அளித்த அறிக்கை, பள்ளிக் குழந்தைகளின் சுமையைப் பற்றியே ஆராய்ந்தது. புத்தகப் பையின் எடையைக் காட்டிலும், புரியாமல் படிக்கும் பாடமே பெரிய சுமை என்பது அதன் முக்கியக் கருத்து.

2018 மே மாதம், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். கிருபாகரன் வழங்கிய உத்தரவில் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் தரக்கூடாது என்று கூறப்பட்டது. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பை கொள்கையும் இதையே வழிகாட்டுதலாகக் கூறுகிறது. அக்கொள்கையின்படி:

- இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் இல்லை.
- மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை, வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம்.
- ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 மணி நேரம்.

மூன்றாம் வகுப்புக்கான அளவு வாரக் கணக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 24 நிமிடம்தான் கிடைக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து பாட ஆசிரியர்களும் தனித்தனியே 'ஒரு பக்கம்தானே' என்று நினைத்துத் தந்தால் இந்த அளவு ஒரே நாளில் மீறப்பட்டுவிடும். எனவே ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் கலந்து பேசி, எந்த நாளில் எந்தப் பாடம் என்று பிரித்துக்கொள்வது தேவையாகிறது.

இளம் வகுப்புக் குழந்தைகள் எழுதி வருவதற்குப் பதிலாக, மாலையில் என்ன விளையாடினார்கள், வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்பன போன்றவற்றை மறுநாள் வகுப்பில் பேசலாம் என்றும் அக்கொள்கை பரிந்துரைக்கிறது. இதற்கு நோட்டும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். எல்லா வீட்டுக் குழந்தைகளும் செய்யக்கூடிய பயிற்சி இது.

மதிப்பெண் கணக்கிடப்படும் முறை

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், குழந்தை பெற்ற அறிவையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து, முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று 29-ஆம் பிரிவில் கூறுகிறது. இதையொட்டி, தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும், தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமாயின. ஆண்டுக்கு ஒரு பெரிய புத்தகம் என்பது மாறி, பருவத்துக்கு ஒன்றாகப் பாடநூல் பிரிக்கப்பட்டது.

இம்முறையில் ஒவ்வொரு பருவத்திலும் 100 மதிப்பெண் இவ்வாறு பிரிகிறது:

- வளரறி மதிப்பீடு (அ): வகுப்பறைச் செயல்பாடுகள், செயல்திட்டங்கள் - 20
- வளரறி மதிப்பீடு (ஆ): சிறு தேர்வுகள் - 20
- தொகுத்தறி மதிப்பீடு: பருவ இறுதித் தேர்வு - 60

மொத்தம் 91 முதல் 100 வரை ஏ1, 81 முதல் 90 வரை ஏ2, 71 முதல் 80 வரை பி1 என்று தரநிலை இறங்கிச் செல்கிறது. வகுப்பில் முதலாவது யார், கடைசி யார் என்ற வரிசை இதில் இல்லை.

ஆனால் ஒரே தரநிலை இருவேறு நிலைமைகளை மறைக்கக்கூடும். ஒரு மாணவி செயல்பாட்டில் 18, சிறு தேர்வில் 18, இறுதித் தேர்வில் 37 பெறுகிறாள். இன்னொரு மாணவன் 11, 12, 50 பெறுகிறான். இருவருக்கும் மொத்தம் 73, தரநிலை பி1. முதல் மாணவி அன்றாட வகுப்பில் நன்றாகச் செய்துவிட்டு, மூன்று மணி அடித்ததும் தாளைக் கொடுக்க வேண்டிய தேர்வில் திணறுகிறாள். இரண்டாவது மாணவன் தேர்வை நன்றாக எழுதுகிறான். குழுச் செயல்பாட்டில் ஒதுங்கி நிற்கிறான். இருவருக்கும் தேவைப்படும் உதவி வேறு. எனவே முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடும் பெற்றோர் தரநிலையை மட்டும் பார்க்காமல், அதற்குள் இருக்கும் மூன்று எண்களையும் ஆசிரியரிடம் கேட்டறிவது நல்லது.

வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் தரலாமா?

செயல்திட்டம் என்ற பெயரில் வீட்டில் செய்து வரச் சொல்லும் வேலைகளில்தான் பெரும்பாலும் சிக்கல் எழுகிறது. தெர்மாகோலில் வீடு, சார்ட்டில் சூரியக் குடும்பம், படம் ஒட்டிய ஆல்பம் ஆகியவற்றைப் பல வீடுகளில் அம்மாவோ அக்காவோதான் செய்து முடிக்கிறார்கள். ஸ்டேஷனரி கடையில் அச்சடித்த படங்கள் விற்கின்றன. வாங்கி வெட்டி ஒட்டினால் வேலை முடிந்தது. இதற்கு 20-க்கு 19 போட்டால், அந்த மதிப்பெண் யாருடையது?

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. அரசுப் பள்ளிகளில் படிக்கும் பலர், அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்கள். வேலை முடிந்து இரவில் திரும்பும் பெற்றோரிடம் பின்னக் கணக்கு கேட்க முடியாது. சிலர் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறார்கள்; சில வீடுகளில் உட்கார்ந்து எழுத இடமில்லை. அக்குழந்தை வெறும் நோட்டோடு வருவதைச் சோம்பல் என்று எண்ணி மதிப்பெண்ணைக் குறைத்தால், அது குழந்தையின் கணக்கறிவைக் காட்டாது. வீட்டு நிலைமையையே காட்டும்.

வீட்டில் உதவி கிடைக்காத குறையை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் விடுபட்ட கற்றலை மீட்க, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் குழந்தைகளின் குடியிருப்புப் பகுதியிலேயே கற்பித்தார்கள்.

இவற்றைக் கருத்தில் கொண்டு ஒரு வகுப்பாசிரியர் மூன்று எளிய நடைமுறைகளைப் பின்பற்றலாம். முதலாவது, வகுப்பில் செய்து பார்த்ததையே வீட்டுப்பாடமாகத் தருதல். புதிய பாடத்தை வீட்டுக்கு அனுப்பாதிருத்தல். இரண்டாவது, மதிப்பெண்ணுக்குரிய செயல்பாட்டை வகுப்பறையிலேயே, தம் கண்ணெதிரே செய்ய வைத்தல். மூன்றாவது, வீட்டுப்பாடத்தைத் திருத்தி உதவுதல். அதற்கு மதிப்பெண் இடாதிருத்தல்.

திருத்தம் என்பது என்ன?

திருத்தாத வீட்டுப்பாடம் பயன் தருவதில்லை. சிவப்பு மையில் பெரிய டிக் மட்டும் போடுவதும் திருத்தம் ஆகாது. தவறு எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதே திருத்தம்.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் விடை 25. ஒரு குழந்தை 26 என்று எழுதுகிறது. அது எண்ணும்போது நேர்ந்த சறுக்கலாக இருக்கலாம். இன்னொரு குழந்தை 35 என்று எழுதுகிறது. அது 7-இலிருந்து 2-ஐயும், 5-இலிருந்து 2-ஐயும் கழித்திருக்கிறது. அதாவது, மேலே எது, கீழே எது என்று பாராமல் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்கிறது. இனமாற்றிக் கழித்தல் அதற்கு இன்னும் புரியவில்லை. இரண்டுக்கும் பூஜ்யம்தான் மதிப்பெண் என்றாலும், முதல் குழந்தைக்கு இன்னும் இரண்டு கணக்கு போதும். இரண்டாவது குழந்தைக்குப் பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொண்டு மீண்டும் கற்பிக்க வேண்டும்.

சொல்வதை எழுதும் பயிற்சியிலும் இப்படியே. 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதும் குழந்தைக்கு, அதே சொல்லை ஐம்பது முறை எழுதும் இம்போசிஷனால் பயன் குறைவு. லகர, ளகர ஒலிகளைக் காதால் பிரித்தறியும் பயிற்சியே தேவை.

கற்றல் நிலையை அறிந்து கற்பிக்கும் இக்கருத்தைத் தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் காணலாம். 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில், குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை அரும்பு நிலையில் இருந்தால், அதற்கு அந்நிலைக்குரிய பயிற்சியே தரப்படும். வீட்டுப்பாடத்துக்கும் இது பொருந்தும். நாற்பது பேருக்கும் ஒரே பக்கம் என்றால், சிலருக்கு அது சலிப்பு. சிலருக்கு அது எட்டாக்கனி.

தண்டனையும் தேர்ச்சியும்

வீட்டுப்பாடம் செய்யாததற்காக அடிப்பது, முட்டி போட வைப்பது, வகுப்புக்கு வெளியே நிறுத்துவது ஆகியவை தவறு என்பதோடு சட்டத்துக்கும் எதிரானவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது.

தேர்ச்சி பற்றிய அச்சமும் தொடக்க வகுப்புகளை விட்டபாடில்லை. அச்சட்டம் முதலில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கத் தடை விதித்திருந்தது. 2019-இல் செய்யப்பட்ட திருத்தம், ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தி நிறுத்திவைக்க அரசுகளுக்கு வழிவிட்டது. தமிழ்நாட்டிலும் இவ்விரு வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது. பத்து வயதுக் குழந்தையைத் தோல்வி என்று எழுதினால் அது பள்ளியை விட்டே நின்றுவிடும் என்பதே எதிர்த்தவர்களின் கவலை.

பெற்றோர் செய்யக்கூடியவை

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் வீட்டுப்பாடத்தில் துணை நிற்கலாம். 'இன்று என்ன படித்தாய், எனக்குச் சொல்லிக்கொடு' என்று கேட்டாலே குழந்தை பாடத்தை நினைவுபடுத்திப் பேசும். கடைக்குப் போகும்போது மீதிச் சில்லறையைக் கணக்கிடச் சொல்லலாம். எழுத்தறிந்த பெற்றோர் செய்ய வேண்டியது இதைவிடக் கடினம்: குழந்தைக்குப் பதிலாக எழுதாமல் இருப்பது. தவறோடு போகும் நோட்டுதான், எதை மீண்டும் நடத்த வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிவிக்கும். குழந்தையால் முடியவில்லை என்றால், 'இது இவனுக்குப் புரியவில்லை' என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.