ஒளி சொல்லும் செய்தி

இருட்டறையில் டார்ச் விளக்கின் முகப்பை விரல்களால் மூடிப் பாருங்கள். விரல்கள் செக்கச்செவேல் என்று ஒளிரும். நீலமும் பச்சையும் இரத்தத்தால் உறிஞ்சப்பட, சிவப்பு மட்டுமே சதையை ஊடுருவி வருகிறது. இந்த எளிய உண்மையே இன்று குறைமாதக் குழந்தையின் மூளைக்குக் காவல் நிற்கிறது.

கருவிலிருக்கும் சிசுவுக்கு நுரையீரலால் மூச்சுவிடும் வேலை இல்லை. ஆகவே நுரையீரலை நோக்கிச் செல்லும் இரத்தத்தின் பெரும்பகுதி ஒரு சிறு குழாய் வழியே பெருந்தமனிக்குள் போய்விடுகிறது. நிறைமாதக் குழந்தைக்கு இக்குழாய் பிறந்த சில நாட்களில் தானே மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைக்கோ பல வேளைகளில் திறந்தே கிடக்கும். அப்போது இரத்தம் எதிர்த்திசையில் பாயும். மூளைக்கும் குடலுக்கும் சிறுநீரகத்திற்கும் உரிய பங்கு நுரையீரலுக்குத் திரும்பிவிடும்.

கைகாலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் தமனி இரத்தத்தின் பிராணவாயுவை மட்டுமே அளக்கும். ஏரி நிறைந்திருப்பதைக் கண்டு, கடைமடை வயலுக்கும் நீர் பாய்ந்தது என்று கூறிவிட முடியுமா?

சிவப்பையும் கடந்த அண்மை அகச்சிவப்புக் கதிர் எலும்பையும் ஊடுருவும். இதைக்கொண்டு மூளையின் பிராணவாயுவை அறியலாம் என 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் ஜாப்சிஸ் காட்டினார். பிராணவாயுவைச் சுமந்த ஹீமோகுளோபின் ஓர் அலைநீளத்தையும், சுமக்காதது வேறோர் அலைநீளத்தையும் மிகுதியாக உறிஞ்சும். நெற்றியில் ஒட்டிய மெல்லிய பட்டையிலிருந்து ஒளி உட்செல்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள உணர்விகள் மீண்டு வருவதை அளக்கின்றன. ஊசி இல்லை, ஒரு சொட்டு இரத்தமும் எடுப்பதில்லை. திசு எடுத்துக்கொண்டதுபோக மீதியையே இவ்வளவு பெரும்பாலும் காட்டுகிறது. குறைமாதக் குழந்தையின் மூளையில் அது நூற்றுக்கு 55 முதல் 85 வரை இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. குறைந்தால் ஆபத்து, மிகுந்தாலும் தீங்கே. அளவுமீறித் தந்த பிராணவாயுவால் 1940களிலும் 1950களிலும் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்ததை மருத்துவ உலகம் மறக்கவில்லை.

எனினும், கண்டறிவது வேறு, காப்பது வேறு. 28 வாரம் நிறையுமுன் பிறந்த 1,601 குழந்தைகளிடம் நடத்தி, 2023இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவியின் அளவைப் பின்பற்றிச் சிகிச்சை பெற்றவர்களிடையே மரணமோ கடும் மூளைப் பாதிப்போ குறையவில்லை. அதனால் கருவி வீண் என்பதில்லை. வயலில் நீர் வற்றியதை அது சொல்லும். மடை எங்கே உடைந்தது என்பதை மருத்துவரே தேடவேண்டும். உடைந்த மடையை அடைக்கும் வழியைக் காணும் பணி, இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் உங்களுக்காகக் காத்திருக்கிறது.