ஏழு நூல் கணக்கு

கில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வையைச் சிறு சிறு சதுரக் கட்டங்களாகத் தைத்து, பிறகு அந்தக் கட்டங்களை ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். கில்ட் தைப்போர் ‘பிளாக்’ என்று சொல்லும் இந்தக் கட்டங்களில் மிகப் பரவலானது, இரு நிற முக்கோணங்கள் குறுக்குவாட்டில் சேர்ந்த சதுரம். தைத்து முடித்தபின் அது நாலு இஞ்ச் இருக்க வேண்டுமானால் துணியை எந்த அளவில் வெட்டுவது? கில்ட் தையலுக்கென்றே வந்திருக்கும் தனி அளவுகோல்கள் இந்தக் கணக்கைப் போட்டு முடித்துத் தருகின்றன.

கில்ட் தையலில் எல்லா ஓரத்திலும் தையலுக்கு விடும் துணி கால் இஞ்ச். சதுரத்துக்குக் கணக்கு சுலபம்: இரு பக்கமும் கால் கால், ஆக அரை இஞ்ச் கூட்டினால் போதும். முக்கோணத்தில்தான் சிக்கல். அதன் செங்கோண முனையில் கூடுவது கால் இஞ்ச்தான். ஆனால் 45 டிகிரி முனை கூர்மையானது. அங்கே சாய்வுப் பக்கத்தைக் கால் இஞ்ச் வெளியே நகர்த்தினால் முனை அதைவிட வெகுவாக நீண்டுவிடுகிறது. கால் இஞ்சை 2.414 ஆல் பெருக்கினால் வரும் 0.604 இஞ்ச்தான் அந்த நீளம். செங்கோணப் பக்கத்துக் காலையும் சேர்த்தால் 0.854. இரண்டின் வர்க்கமூலமான 1.414 இந்தக் கணக்குக்குள் இருப்பதால், எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்ட அளவுகோலிலும் இந்த அளவு சரியாக ஒரு கோட்டில் விழாது. எனவே அதற்கு மேலே அடுத்ததாக உள்ள முக்காலே அரைக்கால் இஞ்சை, அதாவது தச்சர் கணக்கில் ஏழு நூலை, எடுத்துக்கொள்கிறார்கள். நாலு இஞ்ச் கட்டத்துக்கு நாலு இஞ்சும் ஏழு நூலுமாக ஒரு சதுரம் வெட்டி, அதைக் குறுக்கே இரண்டாக்க வேண்டும். கூடுதலாகப் போவது சுமார் அரை மில்லிமீட்டர். ஒரே சதுரத்தை இரு மூலைவிட்டங்களிலும் வெட்டி நாலு முக்கோணமாக்குவதானால் கூட்ட வேண்டியது 1.207 இஞ்ச், நடைமுறையில் ஒன்றேகால்.

ஒவ்வொரு முறையும் இந்த ஏழு நூலை நினைவில் வைத்துக் கூட்டுவது தொல்லை. அரைச் சதுர முக்கோண அளவுகோல் அதை ஒரு தந்திரத்தால் தவிர்க்கிறது. அதன் கூர்முனை மழுக்கப்பட்டிருக்கும், அல்லது அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் இருக்கும். அதே நாலு இஞ்ச் கட்டத்துக்கு, நாலரை இஞ்ச் அகலப் பட்டையாகத் துணியை வெட்டி, முனை பட்டைக்கு வெளியே நிற்கும்படி அளவுகோலை வைத்தால் போதும். தையலுக்குப் பின் எப்படியும் வெட்டி எறியப்படும் கூர்நுனி, முதலிலேயே துணியில் இடம் பெறுவதில்லை. சதுரத்துக்கும் முக்கோணத்துக்கும் ஒரே ‘அரை இஞ்ச் கூட்டு’ என்றாகிவிடுவதால், ஒரே பட்டையிலிருந்து இரண்டையும் வெட்ட முடிகிறது.

இப்படிப்பட்ட கருவிகள் பரவியதற்குக் காரணம் வேறொரு கருவி. ஒடித்துப் போடும் அலகுள்ள கத்திக்குப் பெயர்பெற்ற ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம், 1979இல் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது. அதுவரை அட்டையில் வடிவம் வெட்டி, துணிமேல் வைத்துப் பென்சிலால் வரைந்து, கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். உருளும் கத்தி பல மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் வெட்டும். ஆனால் அது சாய்ந்து ஓட கெட்டியான விளிம்பு வேண்டும். அட்டையை அது சீவிவிடும். சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளிபுகும் அக்ரிலிக் தகடு அந்த இடத்துக்குப் பொருந்தியது.

அந்தத் தடிமனில் ஒரு பௌதிகப் பிரச்சினை உண்டு. கோடுகள் தகட்டின் மேற்புறத்தில் இருந்தால், சற்றுச் சாய்ந்து பார்ப்பவருக்கு அவை துணியில் வேறிடத்தில் விழுவதாகத் தெரியும். அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து பார்த்தால், 3 மில்லிமீட்டர் தகட்டில் பிழை ஒரு மில்லிமீட்டரைத் தாண்டும். ஆகவே துணியைத் தொடும் அடிப்புறத்தில் கோடுகள் இருப்பதே முறை. வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

60 டிகிரி முக்கோண அளவுகோலின் கணக்கு மிக அழகானது. சமபக்க முக்கோணத்தின் உயரம், அதற்குள் வரையும் வட்டத்தின் ஆரத்தைப்போல் சரியாக மூன்று மடங்கு. சுற்றிலும் கால் இஞ்ச் விட்டால் ஆரம் கால் இஞ்ச் கூடுகிறது. உயரம் முக்கால் இஞ்ச் கூடுகிறது. இங்கே தோராயமே இல்லை. தேவையான உயரத்தோடு முக்கால் இஞ்ச் சேர்த்துப் பட்டை வெட்டி, அளவுகோலை மாற்றி மாற்றித் திருப்பி வைத்துக்கொண்டே போகலாம்.

வட்ட மலர்போல் விரியும் ‘டிரெஸ்டன் பிளேட்’ கட்டத்துக்கு 18 டிகிரி ஆப்பு வடிவ அளவுகோல் உண்டு. 20 இதழ்கள் சேர்ந்தால் 360. ஒவ்வொரு இதழிலும் அரை டிகிரி தவறினால் மொத்தம் 10 டிகிரி. குறைந்தால் மலர் கிண்ணம்போல் குழியும். கூடினால் அலையலையாகத் தூக்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் படியாது.

பிழைக்குத் துணியும் காரணமாகிறது. பாவுக்கும் ஊடைக்கும் நேராக இழுத்தால் துணி அதிகம் நீளாது. 45 டிகிரி குறுக்கில் இழுத்தால் நூல்களின் கட்டம் சாய்சதுரமாகச் சரிந்து துணி நீண்டுவிடும். பாவாடையின் க்ராஸ் கட்டிங் அழகாகத் தொங்குவதும் இதே காரணத்தால்தான்; முக்கோணத்தின் நீண்ட பக்கத்தில் அதே குணம் தொல்லையாகிறது. அதனால் இரு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, குறுக்குக் கோட்டின் இருபுறமும் கால் இஞ்ச் தள்ளித் தைத்து, பிறகு அந்தக் கோட்டில் வெட்டுகிறார்கள். சதுரத்தைச் சற்றுப் பெரிதாக எடுத்து, தைத்து விரித்தபின் 45 டிகிரி கோடுள்ள அளவுகோலைத் தையல்மேல் பொருத்தி ஓரம் சீவுவது இன்னும் நம்பகமானது. சில அளவுகோல்களின் அடியில் தையல் மேட்டில் பொருந்தி நிற்கும் பள்ளம்கூட உண்டு.

2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா கில்ட் ஃபெஸ்டிவல் நடந்த பிறகும், இந்தக் கருவிகள் நம் தையற்கடைகளுக்கு அந்நியமாகவே இருக்கின்றன. புதுச்சேரி நகரின் வடக்கே உள்ள கருவடிக்குப்பம் போன்ற பகுதியில் இருப்பவர்கள் முதலில் சந்திக்கும் தடை அளவு முறை. மெட்ரிக் முறையை உலகுக்குத் தந்த பிரான்ஸ் 1954 வரை ஆண்ட ஊர் இது. துணி மீட்டரில் விற்கிறது. ஜாக்கெட் அளவு மட்டும் இஞ்சில் எடுக்கப்படுகிறது. சென்டிமீட்டர் கில்ட் முறையில் தையலுக்கு விடுவது 7.5 மில்லிமீட்டர், கால் இஞ்ச் என்பது 6.35. ஒரு துண்டை இந்த முறையிலும் அடுத்ததை அந்த முறையிலும் வெட்டித் தைத்தால் கட்டம் சேராது. இரண்டில் எதுவும் சரியே. கடைசிவரை ஒன்றில் நிற்க வேண்டும்.

இறக்குமதி அளவுகோலின் விலை இரண்டாவது தடை. ஆனால் வடிவியல் புரிந்தவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முடிந்த வடிவத்தைச் சுற்றிக் கால் இஞ்ச் கரை வரைந்து, கூர்முனைகளை மழுக்கி, பெயர்ப்பலகை செய்யும் லேசர் கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் வெட்டித் தரச் சொல்லலாம். கோடுகளை அடிப்புறத்தில் கீறச் சொல்வது அவசியம்.

எல்லா ஒட்டுத்தையலுக்கும் அளவுகோல் தேவையில்லை. கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதிச் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வையில் துண்டுகள் அடித்துணிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தைக்கப்படுகின்றன, கண்ணே அளவு. 2004 சுனாமிக்குப் பின் ஆரோவில்லின் உபாசனா அமைப்பு வழியாக மீனவப் பெண்கள் மிச்சத் துணியில் செய்த சுனாமிகா பொம்மைகளுக்கும் அப்படியே. ஒரே வடிவம் நூறு முறை திரும்ப வந்து முனையோடு முனை சேர வேண்டிய இடத்தில்தான் அளவுகோல் கட்டாயமாகிறது.

வெட்டு சரியாக இருந்தும் தையல் பிசகலாம். விரித்து இஸ்திரி போடும்போது மடிப்பே துணியில் இம்மியளவு விழுங்கிவிடுகிறது. ஆகவே கால் இஞ்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு: ஒன்றரை இஞ்ச் அகலப் பட்டைகள் மூன்றை அடுத்தடுத்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்க வேண்டும். சரியாக ஒரு இஞ்ச் வந்தால் தையல் சரி. குறைந்தால் துணியின் ஓரத்தை ஊசிக்குச் சற்றுக் கிட்டேயும், கூடினால் சற்று விலக்கியும் வைத்துத் தைக்க வேண்டும்.